சொம்பைக் கீழே வைத்த இடம்

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து எத்தனையோ ஆடி மாதங்கள் போய்விட்டன. ஒவ்வோர் ஆடியிலும் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றும்போது, இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் தாயே என்பேன். பிறகு மாடு கன்று போடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மழை வரும். அதெல்லாம் சாக்குதான். பயம்தான் காரணம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சாமி காரியத்தில் பிழை செய்தவள் என்று தெரிந்தால் யார் பொறுப்பார்கள்? ஆனால் போன மாதம் என் மாமன் மகன் போன் செய்து ஒரு விஷயம் கேட்டான். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் பிறந்த ஊர் ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி இன்னும் உள்ளே. சாமையும் புளியும்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் குலதெய்வம் ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறையின் அடியில் இருக்கும் அம்மன். கோபுரம் கிடையாது, கதவு கிடையாது. எங்கள் வகையறாவில் எந்தக் குழந்தை பிறந்தாலும் அதன் முதல் முடியை அந்தப் பாறையடியில்தான் இறக்க வேண்டும். அதுவரை கத்தரி படக்கூடாது.

என் தாய்மாமன், அம்மாவுக்கு ஒரே தம்பி. ரோடு போடுகிற ஆட்களோடு அந்தமானுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கூட வேலை செய்தவரின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஒரு சின்னத் தீவில், சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிற ஓர் இயற்கைப் பூங்காவில் காவல் வேலை கிடைத்தது. ஊருக்கு வரவே இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டிய எனக்கு, அவர் தபாலில் அனுப்பிய சட்டையை அப்பா மடியில் விரித்து, அதன்மேல் உட்காரவைத்துக் குத்தினார்கள். ரொம்ப நாள்வரை தாய்மாமன் என்றால் எனக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டைதான்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். பையனுக்கு நாலு வயசு ஆகிறது, முடி இடுப்புவரை வளர்ந்துவிட்டது, எல்லோரும் கேலி செய்கிறார்கள், கடல் தாண்டிக் குடும்பத்தோடு வர முடியவில்லை, நம் கோயில் பிடிமண் கொண்டுவந்து கொடுத்தால் இங்கேயே அம்மனை வைத்து முடி இறக்கிவிடுவேன் என்று எழுதியிருந்தார். அம்மா உலக்கையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

பிடிமண் என்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டு இல்லை. பூசாரி மூன்று பிடி மண்ணை அம்மன் காலடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அந்த மண்ணைப் போட்டு எங்கே கல் நடுகிறார்களோ அங்கே அம்மன் வந்துவிட்டதாக அர்த்தம். அதன்பிறகு அந்தக் குடும்பம் பழைய கோயிலுக்கு வரக்கூடாது என்றில்லை. வர வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா சுலபமாகச் சொன்னார். "கேட்டுக்கீறான், குடுத்துட வேண்டியதுதான?"

"மண்ணைக் குடுத்துட்டா அப்புறம் இன்னாத்துக்கு வருவான்?" என்றாள் அம்மா. ஆனாலும் தம்பி சாமியைக் கேட்கும்போது அக்கா இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த வருஷத்துப் புளி முழுக்கக் கப்பல் பயணத்துக்குப் போனது.

பூசாரி பித்தளைச் சொம்பில் சிவப்பு மண்ணைப் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டி அம்மா கையில் கொடுத்தார். போய்ச் சேரும்வரை சொம்பு தரையில் படக்கூடாது, பட்டால் அம்மன் அங்கேயே இறங்கிவிடும், அப்புறம் சொம்பில் இருப்பது வெறும் மண்தான் என்றார். இதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்.

அப்படியே கொண்டுபோனோம். பஸ்ஸில் மடியில். ரயிலில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் கையில். கப்பலில் மூன்று நாள், படுக்கைக்கு மேலே இருந்த கொக்கியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கப்பல் ஆடும்போது சொம்பும் ஆடும். "உங்க அம்மன் ஒண்ணுதான் டிக்கெட்டு இல்லாம தொட்டில் கட்டி வர்றா" என்று அப்பா சொல்ல, அம்மா அவரை முறைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் அந்த மூன்று நாளும் ஒருவேளைதான் சாப்பிட்டாள். விரதம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் விரதம் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

கப்பலிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, படகு மாறி அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமாவுக்கு அன்று வேலை. பூங்கா வாசலிலேயே காக்கிச் சட்டையில் நின்றிருந்தார். கட்டம் போட்ட சட்டை இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா அவர் முகத்தைத் தடவினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் முதலில் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், "இன்னாடா இப்படிக் கறுத்துட்ட?" என்றாள்.

"நீ மட்டும் செவந்தா கீற?" என்றார் மாமா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் பின்னாலிருந்து ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்தது. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "நான் ஆம்பளை" என்றது. அவன்தான் மாமன் மகன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களெல்லாம் "பாப்பா, பாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளுவதால், யாரைப் பார்த்தாலும் முதலில் அதைச் சொல்லிவிடுவது அவன் வழக்கமாம். நாளைக்கு மொட்டை என்று விரலால் தலையைச் சுற்றிக் காட்டினான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

மாமா எங்களைப் பூங்காவுக்குள் அழைத்துப் போனார். மூங்கில் கழிகளால் படி கட்டிய பாதை. மரங்களில் பெயர்ப் பலகை அடித்திருந்தார்கள். மேலே ஏறினால் மரமே இல்லாத ஒரு வெட்டவெளி, முழுக்கச் சாம்பல் நிறத்தில். அதைச் சுற்றி மூங்கில் வேலி. வேலிக்குள் அங்கங்கே சின்னச் சின்ன மேடு, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வாய். அந்த வாயில் சேறு மெல்ல உப்பும், முட்டை மாதிரி ஆகும், பொளக் என்று உடையும். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி உப்பும்.

மாமா வருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே எங்களுக்கும் ஒப்பித்தார். தொடக்கூடாது, வேலியைத் தாண்டக்கூடாது, இங்கேயிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது. மழை பெய்தால் சேறு பொங்கிப் பாதைக்கு வந்துவிடும், அதை வாரி உள்ளே கொட்டுவதுதான் தன் வேலையில் பாதி என்று கையை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் சாம்பல் ஏறியிருந்தது.

அம்மா எதையும் கேட்கவில்லை. சொம்பை மார்போடு அணைத்தபடி அந்த மேட்டையே பார்த்தாள். "புத்துடா இது" என்றாள்.

"புத்து இல்லக்கா, எரிமலை. சேத்து எரிமலை. பூமிக்கு உள்ள காத்து அடைச்சிக்கினு சேத்தை மேல தள்ளுது."

"காத்து இல்லடா, மூச்சு. புத்துக்குள்ள யாரு மூச்சு வுடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"உள்ள பாம்பு இருந்தா இந்நேரம் செத்துப் போயிருக்கும்கா."

"ஏன், சேறு சுடுதா?"

"இல்ல. சில்லுனுதான் கீது."

"அப்புறம் இன்னாடா எரிமலை?"

மாமா தலையைச் சொறிந்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அவ இப்ப மஞ்சா குங்குமம் வெக்கணும்னுவா பாரு மச்சான், உன் வேலை போச்சு" என்றார். அதேபோல் அம்மா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்க்க, மாமா பதறிப்போய் அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேலிக்கு வெளியே சுற்றி வருவதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று கடைசியில் ராஜி ஆனார்கள்.

அந்தச் சமயம் கீழே ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்ததால் மாமா இறங்கிப் போனார். பையன் தண்ணீர் கேட்டான் என்று அப்பாவும் அவனோடு போனார். அம்மா சுற்றி வருவதற்குக் கை கூப்ப வேண்டுமே, அதனால் சொம்பை என்னிடம் கொடுத்தாள். "இங்கயே நில்லு. இறுக்கிப் புடி" என்று மட்டும் சொன்னாள். பூசாரி சொன்னதை நாலாவது தடவையாக அவள் சொல்லவில்லை.

நான் நின்ற இடம் எறும்புப் புற்றோ என்னவோ. முதலில் ஒரு கடி. அப்புறம் முழங்கால்வரை நெருப்பு வைத்த மாதிரி ஏறிவிட்டது. நான் குனிந்து இரண்டு கையாலும் இரண்டு காலையும் தட்டித் தட்டி, துள்ளித் துள்ளி, ஒரு வழியாக நிமிர்ந்தேன். இரண்டு கையும் காலியாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சொம்பு வேலி ஓரம், வழிந்து வந்த சேற்றின்மேல், யாரோ பூஜைக்கு வைத்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நான் வைத்ததே எனக்கு ஞாபகம் இல்லை.

கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தால் எடுத்துத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். எனக்குப் பக்தி அதிகம், புத்தி குறைவு. எனக்குத் தோன்றியது இதுதான். சொம்பைக் கீழே வைத்துவிட்டோம். ஆகவே அம்மன் இங்கே இறங்கிவிட்டது. ஆகவே சொம்பில் இருப்பது வெறும் மண். வெறும் மண்ணை மாமாவிடம் கொடுத்து அம்மன் என்று சொன்னால் அது பொய். பாவம். இப்போது அம்மன் எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணைத்தானே கொடுக்க வேண்டும்?

துணியை அவிழ்த்தேன். எங்கள் மலையிலிருந்து அத்தனை தூரம் தரையில் படாமல் வந்த சிவப்பு மண்ணை வேலிக்காலின் அடியில் கொட்டினேன். சொம்பு உட்கார்ந்த தடத்திலிருந்து, பூசாரி செய்த மாதிரியே ஒவ்வொரு பிடிக்கும் தாயே என்று சொல்லி, மூன்று பிடி சேற்றை எடுத்துப் போட்டேன். துணியைக் கட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்தேன். எனக்கு ஒரு பெரிய தப்பைச் சரிசெய்துவிட்ட நிம்மதி. அம்மா அந்த நேரம் வேலிக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தாள். கை கூப்பியிருந்தாள். கண்ணும் மூடியிருந்தது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மூன்றாவது சுற்று முடிந்து வந்தவள் சொம்பை வாங்கினாள். ஈரச் சேறு கனக்கும் அல்லவா? வாங்கியவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு நடந்தாள். மாமா வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. சொம்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். எங்கள் வீட்டில் என் பாவாடையை நான்தான் துவைக்க வேண்டும். அன்றைக்கு அவளே உட்கார்ந்து, அந்தச் சாம்பல் கறை போகும்வரை கசக்கினாள்.

"வெளையாடினியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"செரி" என்றாள். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. ஊருக்கு வந்த இடத்தில் அடிக்கக் கூடாது என்று விட்டுவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் எல்லாம் தயாராக இருந்தது. குழி தோண்டி, கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். அத்தை பொங்கல் பானை ஏற்றியிருந்தாள். அத்தையின் அண்ணன் மடியில் மாமன் மகன் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டான். முடி இறக்குகிறவர் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். தீவில் இருந்த நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். அங்கே நம் பக்கத்துச் சாமி ஒன்று வருகிறது என்றால் சும்மாவா?

மாமா ஈர வேட்டியோடு வந்து அம்மாவிடமிருந்து சொம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துணியை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார்.

நான் அத்தை பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்து, கட்டைவிரலோடு வைத்துத் தேய்த்தார். மெதுவாகத் தேய்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் பொங்கவே இல்லை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"இன்னா மச்சான், நேரம் ஆவுது" என்றார் அப்பா.

மாமா சேற்றைக் குழியில் கவிழ்த்தார். கல்லை நட்டார். விழுந்து கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டோம். பானை பொங்கியது. முடி இறக்குகிறவர் பையன் சடையை அவிழ்த்துத் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை எடுக்கும்போது மாமா, "முடி மட்டும் இருக்கட்டும்" என்றார்.

அத்தைக்குப் புரியவில்லை. "என்னங்க சொல்றீங்க?"

"அம்மன் இங்கயும் இருக்கட்டும். நாம கும்பிடுவோம். மொத முடியை மலைக்குப் போயே எறக்கிடலாம். அக்கா, அடுத்த ஆடிக்கு வர்றோம். மூணு பேரும் வர்றோம்."

அத்தைக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இன்னும் ஒரு வருஷம் பிள்ளை சடையோடு திரிவதா, இத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டு இது என்ன கூத்து என்று அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மாமன் மகன் தரையில் விழுந்து புரண்டான். "இதுக்கா மூணு நாளு கப்பல்ல வந்தோம்?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடி, தோள் குலுங்க அழுதாள். புகையில் உட்கார்ந்தால் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். மாமா மனசு மாறியதற்கு அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம், அந்தக் கத்தி துருப்பிடித்திருந்ததுதான்.

சொன்னபடி அடுத்த ஆடிக்கு வந்தார்கள். பாறையடியில் மாமன் மகனுக்கு மொட்டை போட்டோம். மாமா அன்று பாறைமேல் துண்டை விரித்துச் சாயங்காலம்வரை தூங்கினார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோனார். நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் அவரே வந்து செய்தார், சட்டை வரவில்லை. அம்மா காலமானபோது முதல் பிடி மண் போட வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து அவரும் போய்விட்டார். அந்தச் சொம்பைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

போன மாதம் மாமன் மகன் போன் செய்தான். அந்த மரத்தடி அம்மனுக்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து சின்னதாகக் கோயில் கட்டுகிறார்களாம். கல்வெட்டில் ஜவ்வாது மலைப் பிடிமண்ணால் வந்த அம்மன் என்று போட வேண்டும், சரித்திரம் சொல் என்றான். பேச்சு மாமாவைப் பற்றிப் போனது. "எத்தனை வருஷம் அந்தச் சேத்தை வாரிக் கொட்டின கை. கண்ணை மூடிக்கினு தொட்டாக்கூட இது அந்தச் சேறுதான்னு சொல்லிடுவாருக்கா" என்றான்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாமா விரலில் தேய்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் "இன்னாக்கா இது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவர் யாரை நினைத்திருப்பார்? ஒன்பது வயசுப் பெண்ணையா? அக்காவுக்கு மலை மண்ணைக் கொடுக்க மனசு வரவில்லை, கடல் தாண்டி வந்தும் கொடுக்க முடியாமல் இங்கேயே சேற்றை அள்ளிப் போட்டுவிட்டாள் என்றுதானே நினைத்திருப்பார்? அதனால்தானே முடியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார்? அம்மாவுக்கு நான் செய்தது தெரியும். பாவாடையை அவள்தான் துவைத்தாள். இவள் செய்த வேலை என்று என்னைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் மாமா சிரித்துவிட்டு அன்றைக்கே முடியை இறக்கியிருப்பார். அவள் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்தால் போதும் என்று.

எல்லாவற்றையும் மாமன் மகனிடம் சொன்னேன். "அப்ப நான் ஒரு வருஷம் ரெட்டைச் சடையோட சுத்துனது உன்னாலதானா?" என்றான். கல்வெட்டில் என்ன போடுவது என்று யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அவன் என்ன போட்டாலும் சரி. இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அம்மன் கனவில் வந்தது என்று சேர்க்க வேண்டாம். சேறு சிவப்பாக மாறியது என்று சேர்க்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓர் எறும்பு கடித்தது, ஒரு பெண் சொம்பைக் கீழே வைத்தாள், அதைப் பார்த்த தாய் சொல்லவில்லை, தெரிந்துகொண்ட தம்பி கேட்கவில்லை. இவ்வளவுதான். அந்தப் பூங்காவுக்கு என்றைக்காவது போனால், படி ஏறியதும் வேலிக்காலின் அடியில் எங்கள் மலையின் மண் மூன்று பிடி கிடக்கும். மழையில் கலந்து போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த ஓரத்தில் மட்டும் செருப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள்.